ஸ்லைடு இல்லாத குழல்

செப்டம்பர் 5, திங்கள்

அயர்லாந்து வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் மழை. எங்கள் மாயவரத்து மழை கொட்டும், ஓயும், வெயில் அடிக்கும். இது சும்மா நசநசவென்று உட்கார்ந்திருக்கிறது.

ஊர் பெயர் எனிஸ். சின்ன ஊர். மகள் தர்மு இங்கே ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் இருக்கிறாள். தர்மசம்வர்த்தினி என்று ஆசையாக வைத்த பெயரை இங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. அக்டோபர் 29 அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கீயன் இந்த ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறார். ஒரு நாளைக்கு ஆறு தடவை ஆகிவிடுகிறது. என் மனைவி ஞானம் கடைசி வாரம்தான் வருகிறாள். "நீங்க முன்னாடி போயி புள்ளைக்கு ஒத்தாசையா இருங்க" என்று விமானம் ஏற்றிவிட்டாள். ஒத்தாசை என்பது இதுவரை வெங்காயம் உரித்தது.

இந்த வீட்டு ஃபிரிஜ் ஓயாமல் ங் என்று ரீங்கரிக்கிறது. தர்முவிடம் சொன்னேன். பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் சத்தம் வரலியேப்பா" என்கிறாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கொஞ்சம் மட்டுதான்.

செப்டம்பர் 8, வியாழன்

சம்பந்தியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. பெயர் மூரின். அறுபத்தைந்து வயது இருக்கும். தனியாக இருக்கிறார், தானே கார் ஓட்டுகிறார், தானே விறகு பிளக்கிறார். சாப்பாடு உருளைக்கிழங்கு, பக்கத்தில் இன்னொரு விதமான உருளைக்கிழங்கு.

அவர் கான்சர்டினா வாசிக்கிறார். இரண்டு கைக்குள் அடங்கும் ஆறு பட்டைப் பெட்டி. அமுக்கினால் ஒரு சுரம், இழுத்தால் இன்னொன்று. ஆர்மோனியத்தின் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணத்தன்று விருந்துக் கூடத்தில் மாப்பிள்ளையின் தாயும் பெண்ணின் தகப்பனும் சேர்ந்து ஒரு மெட்டு வாசிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை என்ன, அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். என்னைக் கேட்காமல்!

மெட்டு சுலபம். நம் மோகனம் மாதிரி இருக்கிறது. என் இரண்டு கட்டைச் சுருதிக் குழலை எடுத்து ஊதினேன். சேரவில்லை. சேராதது பிரச்சினை இல்லை, "நீங்கள் எனக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். எங்கள் பக்கம் அதுதான் முறை. மூங்கிலைத் துளை போட்ட அன்றைக்கே அதன் சுருதி முடிந்துவிட்டது. வயலின், மிருதங்கம், தம்பூரா எல்லாரும் குழலுக்குச் சேர்ப்பார்கள். குழல்காரன் கால்மேல் கால் போட்டுக் காத்திருப்பான். ஐம்பது வருடம் அப்படிக் காத்திருந்தவன் நான்.

மூரின் சிரித்துவிட்டார். பெட்டிக்குள் இருப்பது எஃகு நாக்குகளாம். அரத்தால் ராவினால்தான் சுருதி மாறும். இங்கே எல்லாரும் பெட்டிக்குத்தான் சேர்க்கிறார்களாம், குழல்காரர் உட்பட.

அப்புறம் அவரே ஒரு முடிவு சொன்னார். இந்த ஊர் மரக்குழல் ஒன்றை எனக்குப் பரிசாக வாங்கித் தரப்போகிறார். நான் பதறிவிட்டேன். பெண் வீட்டார் சம்பந்தியிடம் கை நீட்டி வாங்குவதா? ஞானத்துக்குப் போன் போட்டேன். "குடுத்தா வாங்கிக்கங்க. அங்க போயி வழக்கம் பேசாதீங்க" என்றாள். அவள் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள் என்று தெரியவில்லை. போனை இடது கைக்கு மாற்றிய பிறகு சரியாகக் கேட்டது.

செப்டம்பர் 14, புதன்

குழல் செய்கிற டெர்மட் என்பவரின் பட்டறைக்குப் போனோம். ஊருக்கு வெளியே, மாட்டுத் தொழுவத்தைப் பட்டறை ஆக்கியிருக்கிறார். தரை முழுவதும் கருப்பு மரத்தூள். அவர் பேசுவது குறைவு. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

இரண்டு குழல் எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே கருப்பு மரம், ஆறு துளை, ஒரே நீளம். ஒன்றில் தலைப் பகுதிக்குள்ளே உலோகக் குழாய் இருக்கிறது. அதற்கு ஸ்லைடு என்று பெயர். வெளியே இழுத்தால் குழல் நீண்டு சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். இன்னொன்றில் அது கிடையாது. முழுக்க மரம், மூட்டில் நூல் சுற்றி இறுக்கிச் செருகியிருக்கிறது. கையில் எடுத்தால் இதுதான் லேசு. ஒலியும் இதில்தான் மூங்கிலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஸ்லைடு இல்லாததையே கொடுங்கள் என்றேன். குழல் என்றால் ஒரு சொல் சொல்லவேண்டும், அதில் நிற்கவேண்டும். டெர்மட் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இரண்டையும் எடுத்துப்போங்கள். ஒரு மாதம் வாசியுங்கள். ஒன்றைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்" என்றார்.

இன்னொரு குழப்பம். இதை டி குழல் என்கிறார்கள். டி என்றால் நமக்கு இரண்டு கட்டை. ஆனால் நான் ஸட்ஜம் வைக்கிற விரலை வைத்து ஊதினால் ஆறு கட்டை வருகிறது! ஆறு துளையையும் மூடினால்தான் இவர்களுக்கு ஸட்ஜம். ஐம்பது வருட விரல்களை எல்லாம் இடம் மாற்றவேண்டும். பேருந்தில் ஏறி எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்த மாதிரி தலை சுற்றுகிறது.

செப்டம்பர் 15, வியாழன்

இரண்டு குழலுக்கும் பாதாம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். தர்முவின் ஸ்வெட்டரைத் தவறாகச் சூடான நீரில் போட்டுவிட்டேன். இப்போது அது ஒரு கைக்குழந்தைக்குச் சரியாக இருக்கும்.

செப்டம்பர் 18, ஞாயிறு

மூரின் வந்திருந்தார். சமையலறை மேசையில் அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்தார். ஸ்லைடு இல்லாததை எடுத்தேன். அவருடைய பெட்டி இறங்கி நிற்கிறது. நிச்சயமாக இறங்கி நிற்கிறது! மரியாதையாகச் சொன்னேன். அவர் பொத்தானைத் திருப்பித் திருப்பி அமுக்கிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

சரி, வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்று ஸ்லைடு குழலை எடுத்து, அரை விரல் அளவு வெளியே இழுத்தேன். இப்போது சேர்ந்தது. என் காதுக்குத் தேன்மாதிரி இருந்தது. மூரின் வாசித்துக்கொண்டே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

தர்மு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "அப்பா, கொஞ்சம் எறங்கி இருக்கு" என்றாள்.

"எது?"

"உங்க கொழலு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "ஒனக்கு என்னம்மா தெரியும் சுருதியப் பத்தி? போயி வேலையப் பாரு" என்றேன். சம்பந்தி எதிரில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மை. பதினோரு வயதில் பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் ஆலையில் வேலை முடிந்து வந்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஸட்ஜத்திலேயே நிற்கவில்லை. இவளுக்குச் சுருதி இல்லை என்று டீச்சரிடம் நானே சொல்லி நிறுத்தினேன். கண்டிப்பாக இருப்பதும் ஒரு தகப்பன் கடமைதான். அதற்குப் பிறகு அவள் குளிக்கும்போதுகூட முனகியதில்லை.

ஆக, ஸ்லைடு உள்ளதையே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செப்டம்பர் 21, புதன்

இல்லை. ஸ்லைடு இல்லாததுதான்.

செப்டம்பர் 25, ஞாயிறு

ஒன்றும் புரியவில்லை. இன்று மூரின் வீட்டில் நாற்காலி மாற்றிப் போட்டிருந்தது. அவர் என் வலப்பக்கம் உட்கார்ந்தார். ஸ்லைடு இல்லாததை ஊதினேன். அப்படியே பொருந்தியது! பெட்டியை ரிப்பேர் செய்துவிட்டீர்களா என்று கேட்டேன். தொடவே இல்லை என்கிறார். வயதானவர், மறந்திருப்பார்.

டீ குடித்துவிட்டு, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று அவர் என் இடப்பக்கம் வந்தார். மறுபடி இறங்கிவிட்டது. ஒரு பெட்டி வலப்பக்கம் ஒரு சுருதி, இடப்பக்கம் ஒரு சுருதி பேசுமா? ஈரம் காரணமாக இருக்கலாம். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஈரம்தான் காரணம்.

திரும்பி நடந்து வரும்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு கார் சத்தமே இல்லாமல் வந்து உரசிப் போனது. பாட்டரி கார்களுக்குச் சத்தம் கிடையாதாம். தர்மு என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது. "ஆரன் அடிச்சானேப்பா" என்றாள். பிறகு வீடு வரும்வரை என் வலப்பக்கமே நடந்தாள்.

ஆற்றங்கரை வழியாகத்தான் வந்தோம். ஃபிரிஜ் சத்தம் அங்கேயும் கேட்டது.

செப்டம்பர் 28, புதன்

ஸ்லைடு எவ்வளவு இழுத்தால் சரி என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். காலையில் போட்ட கோடு மாலையில் தப்பாகத் தெரிகிறது. இப்போது ஐந்து கோடு இருக்கிறது. இரவல் குழலில் கோடு போட்டதற்கு டெர்மட் என்ன சொல்வாரோ.

போன வருடம் எங்கள் ஊர் சபாவில் வயலின்காரர் இதே மாதிரி பிரச்சினை செய்தார். நடுக் கச்சேரியில் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, எங்க சேக்கறதுன்னு தெரியல, நீங்க நகந்துகிட்டே இருக்கீங்க" என்றார். என்னைப் பார்த்து! எழுந்து வந்துவிட்டேன். அதிலிருந்து நான் கச்சேரி ஒப்புக்கொள்வதில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை, அது வேறு விஷயம்.

அக்டோபர் 3, திங்கள்

பஸ் பிடித்துத் தனியாக டெர்மட் பட்டறைக்குப் போனேன். இரண்டு குழலும் பழுது, மூரினின் பெட்டியும் பழுது என்று முறையிட்டேன். அவர் சுருதி காட்டும் சின்னக் கருவியை மேசையில் வைத்தார். முள் நடுவில் நின்றால் சரி, இடப்பக்கம் சாய்ந்தால் இறக்கம். ஸ்லைடு இல்லாததை ஊதினேன். முள் நடுவில் நின்றது. என் காதுக்கு ஏறியிருந்தது. ஸ்லைடு குழலை என் கோட்டுக்கு இழுத்து ஊதினேன். எனக்குச் சரியாக இருந்தது, முள் இடப்பக்கம் சரிந்து விழுந்தது.

ஐம்பது வருடக் காது பெரிதா, பாட்டரி போட்ட முள் பெரிதா என்று கேட்டேன்.

டெர்மட் பஞ்சு உருண்டை ஒன்றை நீட்டினார். வலது காதை அடைத்துக்கொண்டு ஊதச் சொன்னார். ஊதினேன். பிறகு இடது காதை அடைத்துக்கொண்டு அதே சுரத்தை ஊதச் சொன்னார்.

ஊதினேன்.

அதற்கு மேல் இன்று எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4, செவ்வாய்

அவியல் செய்தேன். தேங்காய் கிடைத்தது.

அக்டோபர் 6, வியாழன்

செருப்பு வாங்கப் போனேன். அளவு கிடைக்கவில்லை.

அக்டோபர் 8, சனி

செருப்புக் கடைக்குப் போகவில்லை. என் நோட்டுக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

காது பார்க்கிற இடத்துக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. அந்தப் பெண்ணுக்குத் தர்மு வயது இருக்கும். காகிதத்தில் வரைபடம் காட்டினாள். இடது காது பரவாயில்லை. வலது காது பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் இருப்பதும் சுரத்தை ஏற்றிக் காட்டுகிறது. ஒரே சத்தம் இரண்டு காதிலும் இரண்டு சுருதியாக விழுகிறது. காதுக்குக் கருவி வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்கும், சுருதிக்கு உத்தரவாதம் இல்லையாம். ங் என்ற ரீங்காரமும் அதிலிருந்து வருவதுதான். பாவம் ஃபிரிஜ்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். சர்க்கரை ஆலையில் டர்பைன் அறை, இருபத்தெட்டு வருடம் என்றேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். சொல்ல முடியாது, மெல்ல மெல்ல வருவது, பதினைந்து இருபது வருடமாகவே இருக்கலாம் என்றாள்.

தர்முவுக்கு இப்போது இருபத்தொன்பது. இருபத்தொன்பதில் பதினொன்று போனால் பதினெட்டு.

இந்தக் கணக்கை ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 12, புதன்

மூரினிடம் கைவலி என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வந்து தைலம் தேய்த்துவிட்டார். நல்ல பிள்ளை. வலிக்காத கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது.

கல்யாணத்தில் வாசிக்க முடியாது என்று சொல்லிவிடலாமா? நூற்றிருபது பேர் வருகிறார்கள். வாசித்துக் கெடுப்பதைவிட வாசிக்காமல் கெடுப்பது மேல். ஆனால் தர்மு அந்த அழைப்பிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 16, ஞாயிறு

நாளைக்கு டெர்மட்டிடம் ஒரு குழலைத் திருப்பவேண்டும். தர்மு சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள், "எத வச்சுக்கப் போறீங்கப்பா?"

"ஸ்லைடு இல்லாதது."

"நல்லா யோசிச்சீங்களா? அதுல நகத்த முடியாதே."

"அதுக்குத்தாம்மா. ஸ்லைடு இருந்தா நான் நகத்திக்கிட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மற்றதையும் சொன்னேன். பஞ்சு, கண்ணாடி அறை, வரைபடம் எல்லாம். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அவள் மாவுக் கையோடு அதை வாங்கவில்லை, பார்க்கவும் இல்லை.

"தெரியும்ப்பா" என்றாள்.

"எப்படி?"

"நாலு வருஷமா. நீங்க வாசிச்சு வாட்ஸாப்புல அனுப்புவீங்கல்ல. ஒவ்வொண்ணும் முந்தினதவிட கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கிட்டே வந்துச்சு. மொதல்ல போன்தான் சரியில்லன்னு நெனச்சேன்."

"ஏம்மா சொல்லல?"

சப்பாத்தியைக் கல்லில் போட்டாள். ஊதி எழும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களாப்பா?"

சுருதி இல்லாதவள் என்று நான் முத்திரை குத்திய பெண். கடல் தாண்டி உட்கார்ந்து, ஒரு போனில், என் குழல் முடி அளவு இறங்கியதைக் கேட்டிருக்கிறாள். எனக்குச் சாப்பிட முடியவில்லை. நாலு சப்பாத்தியைத் தட்டில் போட்டு, "ஆறிடும், சாப்புடுங்க" என்றாள். சாப்பிட்டேன்.

அக்டோபர் 17, திங்கள்

ஸ்லைடு குழலைத் திருப்பினேன். ஐந்து பென்சில் கோடுகளையும் டெர்மட் எண்ணிப் பார்த்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அன்றைக்கு முதலிலேயே கேட்டதைத்தானே எடுத்துப் போகிறீர்கள் என்றார். ஆமாம் என்றேன். காரணத்தை அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 22, சனி

மூரினிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். எனக்கும் முழங்கால் போய்விட்டது என்றார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது ஏற்பாடு இதுதான். வலது காதில் பஞ்சு. குழல் டெர்மட் வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் உதட்டைத் திருப்பினாலும் சுருதி இறங்கும்; அப்படி நான் கெடுத்தால் தர்மு விரலால் மேசையைத் தட்டுவாள். முதல் நாள் பதினேழு தட்டு. இன்று ஆறு. என் காது சொல்வது பொய் என்பதை உதடு ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. எதை நம்புவது என்று ஒவ்வொரு சுரத்திலும் தடுமாறுகிறேன். ஆனால் அவள் தட்டினால் நம்பிவிடுகிறேன். ஞானம் வந்து சேர்ந்துவிட்டாள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இப்பவாவது யாராவது உங்களத் தட்டிக் கேட்டாங்களே" என்றாள்.

அக்டோபர் 30, ஞாயிறு

நேற்று கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு மூன்றாவது முடிச்சைத் தர்முவே சொல்லிக்கொடுத்தாள். அதெல்லாம் ஞானம் வீடியோவில் இருக்கிறது. நான் எழுதவேண்டியது வேறு.

விருந்து முடிந்து எங்களைக் கூப்பிட்டார்கள். மூரின் இடப்பக்கம் உட்கார்ந்தார். பஞ்சு வைத்துக்கொண்டேன். குழலை எடுத்தேன். கூடம் முழுக்கப் பேச்சு, சிரிப்பு, கண்ணாடிக் குவளைச் சத்தம். மூரின் ஒரு பொத்தானை அமுக்கினார். எனக்கு அது எங்கேயோ தூரத்தில் கேட்டது. ஊதினேன். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. நூற்றிருபது பேர் எதிரில் ஒரு ஸட்ஜத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மேசை இல்லை, தட்டுவதற்கு விரலும் இல்லை. மணப்பெண் கூடத்தின் அந்தக் கோடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

குழலை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தேன். அவ்வளவு பேர் நடுவில், "தர்மு, சுருதி சேந்துருக்காம்மா?" என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். சத்தமாகவே கேட்டிருக்கவேண்டும், கூடம் அடங்கிவிட்டது.

புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மூரினின் நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவில், என் இடது காதுப் பக்கம் குனிந்தாள். சேர்ந்திருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வாள் என்று நினைத்தேன்.

பாடினாள். வெறும் ஸட்ஜம். ஒரே மூச்சு, மெல்லிய குரல், முதலில் கொஞ்சம் நடுங்கி அப்புறம் நின்றது. மூரின் அதே சுரத்தை அமுக்கினார். பெட்டி எங்கே முடிகிறது, அவள் குரல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. கம்பி மாதிரி நின்றாள்.

நான் அவளுக்குச் சேர்த்தேன். மெட்டு முடியும்வரை அவள் அந்த ஸட்ஜத்தை விடவில்லை, மூச்சு வாங்கும் இடங்களைத் தவிர. நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். ஞானம் அழுதாள். எனக்குக் கை தட்டியது பாதிதான் கேட்டது.

இன்று காலை தர்முவும் மாப்பிள்ளையும் தேனிலவுக்குக் கிளம்பும்போது கேட்டுவிடவேண்டும் என்று வாசல்வரை போனேன். அன்றைக்கு, மாயவரத்து வீட்டுக் கூடத்தில், நீ சரியாகத்தான் பாடினாயா? கேட்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? பதினோரு வயதுப் பிள்ளை அப்பா சொன்னதைத்தானே நம்பியிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தது டீச்சரும் நானும்தான். டீச்சர் இப்போது இல்லை. மீதி இருப்பது இந்த வலது காது ஒன்றுதான்.

கார் கிளம்பியது. தர்மு கண்ணாடியை இறக்கி, "அப்பா, கொழலுக்கு எண்ணெ போடுங்க, காயவுட்றாதீங்க" என்றாள்.

போட்டுவிட்டேன்.